கரையோரப் போரில் வேகப் படகுகள்

கரையோரக் கடற்படை நடவடிக்கைகளில் வேகப் படகு என்பது பொதுவாக 10 முதல் 50 மீட்டர் வரை நீளமும், சில டன் முதல் சில நூறு டன் வரை எடையும், 30 நாட்டிகல் மைலுக்குக் குறையாத மணி வேகமும் கொண்ட ஆயுதப் படகைக் குறிக்கும். ஒரு நாட்டிகல் மைல், அதாவது கடல் மைல், 1.852 கிலோமீட்டர். எனவே மணிக்கு 40 கடல் மைல் என்பது 74 கிலோமீட்டர். சாலையில் இது சாதாரண வேகம். அலையடிக்கும் நீரில் இது மனித உடலையும் இயந்திரத்தையும் உலுக்கி எடுத்துவிடும். ரோந்து, இடைமறிப்பு, கடத்தல் தடுப்பு, துருப்புக் கப்பல்களுக்குக் காவல், எதிரியின் கப்பல்மீது திடீர்த் தாக்குதல் ஆகிய எல்லா வேலைகளுக்கும் இந்த வகைப் படகே பயன்பட்டு வந்திருக்கிறது. ஏற்றப்படும் ஆயுதம்தான் காலத்துக்குக் காலம் மாறியது.

இந்த வேகத்தின் அடிப்படை படகின் அடிப்பகுதி வடிவத்தில் இருக்கிறது. நீரைப் பிளந்து செல்லும் படகு தனக்கு முன்னால் ஓர் அலையை எழுப்புகிறது. வேகம் கூடக்கூட அந்த அலையின் நீளமும் கூடி, ஒரு கட்டத்தில் படகின் நீளத்துக்குச் சமமாகிவிடும். அதற்கு மேல் போக வேண்டுமானால் படகு தன் சொந்த அலைமீதே ஏற வேண்டும். 25 மீட்டர் நீளப் படகுக்கு இந்த எல்லை ஏறத்தாழ 12 கடல் மைல் வேகத்தில் வந்துவிடுகிறது. அதைத் தாண்ட, படகு எடை குறைந்ததாகவும் அடிப்பகுதி தட்டையாகவோ விரிந்த ‘வி’ வடிவிலோ அமைந்ததாகவும், இயந்திரம் அளவுக்கு மீறிய ஆற்றல் கொண்டதாகவும் இருக்க வேண்டும். அப்போது படகு நீரில் மிதப்பதை விட்டு நீர்ப்பரப்பின் மேல் சறுக்கத் தொடங்கும்.

சறுக்கும் படகு கொடுக்க வேண்டிய விலை பெரிது. எடையைக் குறைக்க எஃகைக் கைவிட்டு மரப்பலகை, அலுமினியம், கண்ணாடியிழை என்று போக வேண்டியிருக்கிறது. எனவே கவசம் கிடையாது. ஒரு கனரக இயந்திரத் துப்பாக்கியின் குண்டே பக்கவாட்டைத் துளைத்துவிடும். முழு வேகத்தில் எரிபொருள் மளமளவென்று கரைகிறது. குறைந்த வேகத்தில் பல நாட்கள் ஓடக்கூடிய படகு முழு வேகத்தில் சில மணி நேரமே ஓடும். காற்று எழுந்து அலை உயர்ந்தால் வேகம் பாதியாகும். அணியம், அதாவது படகின் முன்பகுதி, ஒவ்வோர் அலையிலும் எழும்பி விழும்போது உள்ளே இருப்பவர்களின் முதுகெலும்பும் முழங்காலும் அடி வாங்குகின்றன. வேகப் படகுகளில் பல ஆண்டுகள் பணியாற்றியவர்களுக்கு இடுப்பு வலியும் கழுத்து வலியும் தொழில் நோயாகவே அமைந்துவிட்டன. அதிர்ச்சி தாங்கும் இருக்கைகள் அண்மைக் காலத்தில்தான் பரவலாயின. உறங்கவும் சமைக்கவும் இடமில்லாததால் இரண்டொரு இரவுக்கு மேல் கடலில் தங்குவது கடினம்.

வேகப் படகின் வரலாறு முழுதும் இந்தக் குறைகளையொட்டியே நகர்கிறது. அடைக்கலம் தரும் துறை, எரிபொருள், இழுத்துச் செல்லும் பெரிய கப்பல், எதிரி எங்கே இருக்கிறான் என்று சொல்லும் ரேடார் ஆகியவை அருகில் இருந்தபோது அது தன்னைவிட ஆயிரம் மடங்கு எடைகொண்ட கப்பலையும் மூழ்கடித்தது. அந்தத் துணை அறுந்தபோது எளிதாக அழிந்தது. படகை மட்டும் வாங்கிக் குவித்து, துணையை மறந்த கடற்படைகள் மீண்டும் மீண்டும் ஏமாந்தன.

தொடக்கம் டார்பிடோவில் இருக்கிறது. ராபர்ட் வைட்ஹெட் என்ற ஆங்கிலப் பொறியாளர் 1866-இல், அன்று ஆஸ்திரியப் பேரரசின் துறைமுகமாக இருந்த ஃபியூமேயில், தானே நீருக்கடியில் ஓடும் டார்பிடோவை உருவாக்கினார். ஒரு போர்க்கப்பலை மூழ்கடிக்கப் பெரிய பீரங்கியும் அதைத் தாங்கும் பெரிய கப்பலும் தேவை என்ற நிலை அத்துடன் மாறியது. பிரிட்டனின் தார்னிகிராஃப்ட் பட்டறை 1876-இல் கட்டிய ‘லைட்னிங்’ சுமார் 27 மீட்டர் நீள நீராவிப் படகு. அதன் வேகம் 18 கடல் மைலுக்குச் சற்று மேல். 1878 ஜனவரியில் ரஷ்ய அதிகாரி ஸ்டெபான் மகாரோவின் படகுகள் கருங்கடலின் பாட்டூமி துறைமுகத்தில் ‘இன்திபா’ என்ற துருக்கிக் கப்பலை டார்பிடோவால் மூழ்கடித்தன. தானியங்கி டார்பிடோவுக்கு இரையான முதல் கப்பல் அதுதான். அந்தச் சிறு படகுகள் தாமாக அத்தனை தூரம் ஓடவில்லை. ஒரு தாய்க்கப்பல் அவற்றைத் தூக்கிக்கொண்டு போய் அருகில் இறக்கிவிட்டது.

பிரான்சில் இதை ஒரு கொள்கையாகவே வளர்த்தார்கள். 1886-இல் கடற்படை அமைச்சரான அட்மிரல் தியோஃபில் ஓப், பிரிட்டனின் பெருங்கப்பல்களுக்கு விலை மலிந்த டார்பிடோ படகுக் கூட்டமே பதில் என்று வாதிட்டார். பணம் குறைந்த நாட்டுக்கு இது இனிப்பான கணக்கு. ஆனால் திறந்த கடலில் நடந்த பயிற்சிகளில் அந்தப் படகுகள் அலையைத் தாங்காமல் திணறின. பிரிட்டன் 1893-இல் ‘ஹாவக்’ போன்ற டார்பிடோ படகு அழிப்புக் கப்பல்களை நீரில் இறக்கியது. படகைவிடப் பெரியவை, படகளவு வேகம் கொண்டவை, கடலில் நெடுநேரம் நிற்கக்கூடியவை. இன்றைய நாசகாரிக் கப்பல்களுக்கு மூதாதை அவைதான்.

நீராவிக்குப் பதில் பெட்ரோல் இயந்திரம் வந்த பிறகே உண்மையான வேகப் படகு பிறந்தது. முதல் உலகப் போரில் இத்தாலி கட்டிய ‘மாஸ்’ வகைப் படகுகள் பதினைந்து டன் அளவிலானவை. இரண்டு டார்பிடோக்களும் ஓர் இயந்திரத் துப்பாக்கியும் தாங்கியவை. சிலவற்றில் ஓசையின்றி நெருங்க மின்மோட்டாரும் இருந்தது. ஏட்ரியாட்டிக் கடல் குறுகியது. ஒரு கரையில் இத்தாலி, மறுகரையில் ஆஸ்திரியா-ஹங்கேரியின் துறைமுகங்கள். சிறு படகுக்கு இதைவிடப் பொருத்தமான களம் அமைவது அரிது. லுய்ஜி ரிட்சோ என்ற அதிகாரி 1917 டிசம்பரில் டிரியெஸ்டே துறைமுகத் தடுப்புக் கம்பிகளை அறுத்து உள்ளே நுழைந்து ‘வீன்’ என்ற போர்க்கப்பலை மூழ்கடித்தார். 1918 ஜூன் 10-ஆம் நாள் விடியலில், பிரேமுடா தீவருகே இரவு ரோந்து முடித்துத் திரும்பும் வேளையில், அவர் தொலைவில் புகையைக் கண்டார். வந்துகொண்டிருந்தது சுமார் 20,000 டன் எடைகொண்ட ‘செண்ட் இஷ்ட்வான்’ என்ற டிரெட்நாட் வகைப் போர்க்கப்பல். ரிட்சோவின் மாஸ் 15 காவல் கப்பல்களுக்கு நடுவே புகுந்து இரண்டு டார்பிடோக்களைச் செலுத்தியது. ஏறத்தாழ இரண்டரை மணி நேரத்தில் அந்தக் கப்பல் கவிழ்ந்து மூழ்கியது. அது மூழ்கும் காட்சி படமாக எடுக்கப்பட்டு இன்றும் கிடைக்கிறது. இத்தாலியக் கடற்படை அந்த நாளையே தன் ஆண்டு விழா நாளாகக் கொண்டாடுகிறது. அன்றும் மாஸ் படகுகளைக் களத்துக்கு அருகில் கொண்டுபோய் விட்டவை பெரிய டார்பிடோ படகுகள்தான்.

பிரிட்டனின் கடலோர மோட்டார் படகுகள் இன்னும் சிறியவை. 12 மீட்டர் நீள வகையில் டார்பிடோ பின்புறப் பள்ளத்தில் கிடக்கும். செலுத்தும்போது அது பின்பக்கமாக நீரில் விழுந்து படகின் பின்னாலேயே ஓடி வரும். படகோட்டி உடனே சுக்கானைத் திருப்பி அதன் பாதையிலிருந்து விலக வேண்டும். 1919 ஜூனில் அகஸ்டஸ் ஏகார் இத்தகைய படகொன்றில் சென்று கிரோன்ஷ்டாட் அருகே ‘ஒலெக்’ என்ற ரஷ்யக் கப்பலை மூழ்கடித்தார்.

இரண்டாம் உலகப் போரில் இரண்டு மரபுகள் எதிரெதிரே நின்றன. பிரிட்டனும் அமெரிக்காவும் பெட்ரோல் இயந்திரங்களை நம்பின. ஜெர்மனி டீசலைத் தேர்ந்தது. லூர்சென் பட்டறையின் ‘எஸ்’ படகு 35 மீட்டர் நீளமும் சுமார் நூறு டன் எடையும் உடையது. முழுதும் சறுக்கும் வடிவத்தை விட்டு, அலைகடலிலும் வேகம் இழக்காத உருண்ட அடிப்பகுதியை அதற்குக் கொடுத்தார்கள். உச்ச வேகம் ஏறத்தாழ 40 கடல் மைல். பெட்ரோல் ஆவியில் ஒரு பொறி விழுந்தால் படகே தீப்பந்தாகிவிடும். டீசலில் அந்த ஆபத்து மிகக் குறைவு. ஓட்டத் தூரமும் கூடுதல். வடிவமைப்பு என்ற அளவில் அந்தக் காலத்தின் தலைசிறந்த வேகப் படகு இதுவே எனலாம்.

1944 ஏப்ரல் 28 அதிகாலையில், நார்மண்டி இறக்கத்துக்காகத் தென் இங்கிலாந்தின் ஸ்லாப்டன் கடற்கரையில் ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. ஷெர்போர்கிலிருந்து புறப்பட்ட ஒன்பது எஸ் படகுகள் அமெரிக்கத் துருப்புக் கப்பல் வரிசைக்குள் புகுந்தன. இரண்டு இறங்கு கப்பல்கள் மூழ்கின, ஒன்று சேதமடைந்தது. எழுநூறுக்கும் மேற்பட்ட அமெரிக்கர்கள் மாண்டார்கள். காவலுக்கு வர வேண்டிய நாசகாரிக் கப்பல் பழுதுபார்ப்பில் இருந்தது. துருப்புக் கப்பல்களும் கரையிலிருந்த தலைமையும் வெவ்வேறு வானொலி அலைவரிசைகளில் இருந்ததால் எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. ஒரு கூட்டுக் காவலின் கண்ணிகள் எங்கெங்கே அறுந்தனவோ அங்கெல்லாம் படகுகள் நுழைந்தன. ஏழு வாரம் கழித்து நிலை தலைகீழானது. ஜூன் 14 மாலை பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானங்கள் ல ஹாவ்ர் துறைமுகத்தைத் தாக்கி, அங்கே ஒதுங்கியிருந்த பத்துக்கும் மேற்பட்ட எஸ் படகுகளை அழித்தன. கடலில் பிடிக்க முடியாத படகுகள் துறையில் கட்டிக்கிடந்தபோது அழிந்தன.

அமெரிக்காவின் ‘பிடி’ படகுகள் 24 மீட்டர் நீள மரப்படகுகள். மூன்று பேக்கார்டு பெட்ரோல் இயந்திரங்களும் நான்கு டார்பிடோக்களும் கொண்டவை. 1942 மார்ச்சில் தளபதி மெக்ஆர்தரைக் கொரிகிடோர் தீவிலிருந்து மீட்டு வந்த புகழ் இவற்றுக்கு உண்டு. பின்னாளில் குடியரசுத் தலைவரான ஜான் கென்னடி செலுத்திய பிடி 109-ஐ 1943 ஆகஸ்டு 2 இரவில் ஜப்பானிய நாசகாரிக் கப்பலொன்று மோதிப் பிளந்தது. செய்தித்தாள்கள் பாடிய அளவுக்கு டார்பிடோ வெற்றிகள் கிடைக்கவில்லை. 1944 அக்டோபரில் சுரிகாவோ நீரிணையில் 39 பிடி படகுகள் ஜப்பானிய அணியைத் தாக்கின. ஒரே ஒரு டார்பிடோதான் ‘அபுகுமா’ என்ற கப்பலைத் தொட்டது. நியூகினியா, சாலமன் தீவுகளின் கரையோரங்களில் ஜப்பானியப் படையினருக்கு அரிசியும் தோட்டாவும் கொண்டுபோன சரக்குப் படகுகளை இரவுதோறும் வேட்டையாடியதுதான் அவற்றின் உண்மையான சாதனை. டார்பிடோக் குழாய்களைக் குறைத்து, துப்பாக்கிகளைக் கூட்டி, அவை தாமாகவே ரோந்துப் படகுகளாக உருமாறின.

அதே போரில் இன்னொரு கிளையும் முளைத்தது. 1941 மார்ச் 26 அன்று, கிரீட் தீவின் சூடா விரிகுடாவில், அணியத்தில் வெடிமருந்து நிரப்பிய ஆறு சிறு படகுகளை இத்தாலியர்கள் அனுப்பினார்கள். இரண்டு நாசகாரிக் கப்பல்கள் அவற்றைக் கொண்டுவந்து இறக்கின. ஓட்டியவர்கள் கடைசி நொடியில் குதித்துவிட, படகுகள் மோதி வெடித்தன. ‘யார்க்’ என்ற பிரிட்டிஷ் கப்பல் செயலிழந்தது. ஆயுதம் தாங்கிய படகு என்பது போய், படகே ஆயுதமானது.

போருக்குப் பின் பிரிட்டன் எரிவாயுச் சுழலியைப் பொருத்தி ஐம்பது கடல் மைல் வேகத்தைத் தொட்டது. அமெரிக்கா நீருக்கடியில் சிறகு கொண்ட ஆறு ‘பெகாசஸ்’ படகுகளைக் கட்டி 1993-இல் எல்லாவற்றையும் ஓய்வுபெறச் செய்தது. இவை பொறியியல் அற்புதங்கள். போரின் போக்கை மாற்றவில்லை. மாற்றியது சோவியத் யூனியன். டார்பிடோ படகின் உடலிலேயே இரண்டு ‘பி-15’ ஏவுகணைகளை ஏற்றி ‘கோமார்’ வகையையும், நான்கு ஏவுகணைகளுடன் சுமார் 200 டன் எடைகொண்ட ‘ஓசா’ வகையையும் அது கட்டியது. ஏவுகணையின் எட்டும் தூரம் ஏறத்தாழ 40 கிலோமீட்டர். எதிரியை நெருங்க வேண்டிய கட்டாயம் நீங்கியது.

1967 அக்டோபர் 21 அன்று எகிப்தின் கோமார் படகுகள் போர்ட் சயீது துறைமுகத்துக்கு உள்ளிருந்தபடியே ஏவுகணைகளைச் செலுத்தி, வெளியே ரோந்து சென்ற ‘எய்லாட்’ என்ற இஸ்ரேலிய நாசகாரிக் கப்பலை மூழ்கடித்தன. 47 பேர் இறந்தனர். பெரிய கப்பலின் பீரங்கி வீரர்கள் தங்களைத் தாக்கிய படகைக் கண்ணால் காணவே இல்லை. இஸ்ரேல் பிரான்சின் ஷெர்போர்கில் கட்டிவைத்திருந்த ‘சார்’ படகுகள் ஆயுதத் தடையில் சிக்கின. அவற்றில் கடைசி ஐந்தை 1969 கிறிஸ்துமஸ் இரவில் இரகசியமாக ஓட்டிச் சென்றதும் இந்தப் பதற்றத்தின் தொடர்ச்சிதான்.

இந்தியா எட்டு ஓசா படகுகளை வாங்கியது. அவற்றைத் தூக்கி இறக்கும் பெரிய பாரந்தூக்கி பம்பாயில் இல்லாததால் கல்கத்தாவில் இறக்கி, தீபகற்பத்தைச் சுற்றி இழுத்துக்கொண்டு போனார்கள். துறைமுகக் காவலுக்கென்று வாங்கப்பட்ட படகுகள் அவை. பெரிய கப்பல் துணையுடன் நெடுந்தொலைவு கொண்டுபோனால் எதிரியின் துறைமுகத்தையே தாக்கலாம் என்ற எண்ணம் பிறகு உருப்பெற்றது. பாகிஸ்தானுடனான போரில், 1971 டிசம்பர் 4 இரவு ‘நிபாத்’, ‘நிர்காத்’, ‘வீர்’ ஆகிய மூன்றும் ‘கில்தான்’, ‘கட்சால்’ என்ற இரண்டு கார்வெட் கப்பல்களுடன் கராச்சியை நெருங்கின. ஓர் எண்ணெய்க் கப்பலும் அணியில் இருந்தது. தளபதி பாப்ருபான் யாதவ் தலைமை தாங்கினார். பாகிஸ்தானின் ‘கைபர்’ நாசகாரிக் கப்பலும் ‘முஹாஃபிஸ்’ கண்ணிவாரிக் கப்பலும் ‘வீனஸ் சாலஞ்சர்’ என்ற சரக்குக் கப்பலும் அழிந்தன. இந்தியத் தரப்பில் உயிரிழப்பு இல்லை. நான்கு நாள் கழித்து, டிசம்பர் 8 இரவு, கொந்தளித்த கடலில் ‘வினாஷ்’ என்ற ஒற்றைப் படகு ‘தல்வார்’, ‘திரிசூல்’ கப்பல்களின் துணையுடன் சென்று மீண்டும் தாக்கியது. கியமாரி எண்ணெய்க் கிடங்கு பற்றி எரிந்தது. டிசம்பர் 4 இந்தியக் கடற்படை நாளாயிற்று. ஏவுகணைப் படகுகளின் புகழில், ரேடார் துணையும் காவலும் தந்த அந்தக் கார்வெட்டுகளும் ஃபிரிகேட்டுகளும் பல நேரம் மறைந்துபோகின்றன. அவை இல்லாமல் இந்தத் தாக்குதலே இல்லை.

இரண்டே ஆண்டில் ஏவுகணைக்கும் மாற்று வந்தது. 1973 அக்டோபர் 6 இரவு சிரியாவின் லதாக்கியா அருகே ஏவுகணைப் படகும் ஏவுகணைப் படகும் முதல்முறையாக மோதின. சிரியாவின் ஏவுகணை இஸ்ரேலின் ‘கேப்ரியல்’ ஏவுகணையைவிட இரட்டிப்புத் தூரம் பாயக்கூடியது. ஆனால் இஸ்ரேலியப் படகுகள் மின்னணு இடையூறும் உலோகத் துகள் மேகமும் கொண்டு அதைத் திசைதிருப்பின. பிறகு நெருங்கித் தாக்கின. ஐந்து சிரியக் கலங்கள் மூழ்கின. இரண்டு நாள் கழித்து எகிப்தின் பால்டிம் அருகே மூன்று ஓசாக்கள் அழிந்தன. வென்ற பக்கம் ஓர் ஏவுகணைகூடப் படவில்லை. படகில் ஏவுகணை இருப்பது மட்டும் போதாது, அதைப் பார்க்கும் கண்ணும் ஏமாற்றும் கருவியும் வேண்டும் என்பதை அந்த இரண்டு இரவுகள் காட்டின.

அடுத்த பகை ஹெலிகாப்டர். 1991 வளைகுடாப் போரில் ஈராக்கின் வேகப் படகுகள் புபியான் தீவை ஒட்டி ஈரான் பக்கம் தப்பியோட முயன்றன. பிரிட்டிஷ் லிங்க்ஸ் ஹெலிகாப்டர்கள் ‘சீ ஸ்குவா’ ஏவுகணைகளால் அவற்றை வேட்டையாட, ஈராக்கியக் கடற்படை சில நாட்களில் இல்லாமலே போயிற்று. மேலே தன் விமானக் குடை இல்லாத வேகப் படகு பகலில் ஒளியவும் முடியாது, ஓடவும் முடியாது. நாற்பது கடல் மைல் வேகம் ஹெலிகாப்டருக்கு முன் ஒன்றுமில்லை. நார்வே தன் ஃபியோர்டுகளின் பாறைச் சுவர்களுக்கிடையே ஒளியக்கூடிய, 60 கடல் மைல் வேகம் தொடும் ஆறு ‘ஷோல்ட்’ படகுகளைக் கட்டியது. சீனா இரட்டை உடல் கொண்ட ‘022’ வகையில் ஏறத்தாழ எண்பதைக் கட்டி, கரையோர விமானம், ரேடார் ஆகியவற்றின் பாதுகாப்பு வளையத்துக்குள் வைத்திருக்கிறது.

கப்பலை மூழ்கடிப்பதோடு ஒப்பிட்டால் ரோந்து புகழில்லாத வேலை. எண்ணிக்கையில் அதுவே பெரிது. 1965 பிப்ரவரியில் வியட்நாமின் வுங் ரோ விரிகுடாவில் ஆயுதம் இறக்கிய கப்பல் கண்டுபிடிக்கப்பட்டபின், அமெரிக்கா தென்வியட்நாமின் கரை முழுவதையும் காவல் காக்க முனைந்தது. லூசியானா எண்ணெய்க் கிணறுகளுக்கு ஆட்களைக் கொண்டுபோன அலுமினியப் படகின் வடிவத்தையே எடுத்து 15 மீட்டர் ‘ஸ்விஃப்ட்’ படகாக்கினார்கள். மெகோங் டெல்டாவின் வாய்க்கால்களுக்குக் கண்ணாடியிழையில் 9 மீட்டர் படகு வந்தது. உந்துவிசிறிக்குப் பதில் நீரை உறிஞ்சிப் பின்னால் பீய்ச்சும் ஜெட் பொருத்தியதால் களைக்கும் மணல்திட்டுக்கும் நடுவே முழங்கால் ஆழ நீரிலும் அதனால் ஓட முடிந்தது. நாள்தோறும் எண்ணற்ற நாட்டுப்படகுகளை நிறுத்திச் சோதிப்பதுதான் வேலை. மீனவர் யார், போராளி யார் என்று பிரித்தறிய வேண்டிய அந்தச் சுமையைக் குறைக்க எந்தப் படகாலும் முடியவில்லை.

அதே சுமை மிகக் கடுமையாக இறங்கிய இடம் பாக்கு நீரிணையும் இலங்கையின் வடகிழக்குக் கடலும். பாக்கு விரிகுடா பெரும்பாலும் 15 மீட்டருக்கும் குறைந்த ஆழமுடையது. திட்டுகளும் தீவுகளும் நிறைந்தது. இரு கரை மீனவரும் தலைமுறை தலைமுறையாகத் தொழில் செய்யும் நீர். 1980களின் நடுவில் இலங்கைக் கடற்படை இஸ்ரேலிடமிருந்து ‘டோரா’ வேகப் படகுகளை வாங்கத் தொடங்கியது. 21 முதல் 25 மீட்டர் நீள அலுமினியப் படகுகள். வடகிழக்குத் தமிழர் வீடுகளில் கடற்படைப் படகு எதுவானாலும் ‘டோரா’ என்றே வழங்கும் அளவுக்கு அவை அந்தக் கடலில் நிலைத்தன. எதிரில் விடுதலைப் புலிகளின் கடற்பிரிவான கடற்புலிகள், மீன்பிடிப் படகின் வடிவத்திலிருந்தே வளர்த்தெடுத்த கண்ணாடியிழைப் படகுகளில் நான்கைந்து அவுட்போர்டு மோட்டார்களைப் பூட்டினார்கள். ரேடாரில் அவை சிறு புள்ளியாகவே விழும். துப்பாக்கிப் படகுகள் கூட்டமாக வந்து டோராவைச் சூழ, அவற்றின் நடுவே வெடிமருந்து நிரப்பிய, கரும்புலிகள் எனப்பட்ட தற்கொலைப் படையினரின் படகு புகுந்து மோதும். சூடா விரிகுடாவில் ஓட்டியவர் குதித்தார். இங்கே அவர் படகோடு மாண்டார்.

டோராக்கள் பல இழக்கப்பட்டன. பெரிய, விலைமிக்க படகு ஒன்றைப் பல சிறு படகுகள் சூழ்ந்தால் அதன் துப்பாக்கிகள் எல்லாத் திசைக்கும் போதவில்லை. 2005-இல் தளபதியான வசந்த கரன்னகொட காலத்தில் கடற்படை எதிரியின் முறையையே கையாண்டது. வெலிசறையில் ‘ஏரோ’ என்ற சிறு கண்ணாடியிழைப் படகுகளை நூற்றுக்கும் மேற்பட்ட எண்ணிக்கையில் தானே கட்டி, டோராக்களோடு சேர்த்துக் கூட்டமாக இறக்கியது. 2006 ஆகஸ்டில் யாழ்ப்பாணத்துக்கான தரைவழியான ஏ-9 சாலை மூடப்பட்டபின் யாழ்ப்பாணத்துக்குத் துருப்பும் பொருளும் திருகோணமலை–காங்கேசன்துறைக் கடல்வழியையே நம்பியிருந்தன. ஒவ்வொரு பயணத்துக்கும் இந்தப் படகுகளே காவல். ஆனால் கடற்புலிகளின் முதுகெலும்பை முறித்தது கரையோர மோதல் மட்டுமல்ல. 2007-இல் இலங்கைக் கடற்படையின் ‘சயுர’ போன்ற பெரிய கப்பல்கள் இந்து மாக்கடலில் வெகுதொலைவு சென்று, ஆயுதம் ஏற்றிய கப்பல்களைத் தேடி மூழ்கடித்தன. அதற்குப் பிறகு கரையில் எத்தனை வேகப் படகு இருந்தும் அவற்றுக்கு மோட்டாரும் தோட்டாவும் வந்துசேரவில்லை.

இந்தப் போரின் விலையில் பெரும்பங்கைச் செலுத்தியவர்கள் மீனவர்கள். மோட்டாரின் குதிரைத்திறனுக்கு வரம்பு, இரவுத் தொழிலுக்குத் தடை, கடல் வலயத் தடை, அனுமதிச் சீட்டு (பாஸ்) முறை என்று வடக்கின் கடற்றொழில் ஆண்டுக்கணக்கில் முடங்கிற்று. ஒரே வடிவப் படகில் ஒருவர் வலையோடும் இன்னொருவர் வெடிமருந்தோடும் வரும் கடலில், சந்தேகத்தின் பலன் மீனவருக்குக் கிடைப்பதில்லை. இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட 1974, 1976 உடன்பாடுகள் வகுத்த எல்லைக்கோட்டை ஒட்டித் தமிழ்நாட்டு மீனவரும் சுடப்பட்டார்கள், படகுகளை இழந்தார்கள். 2009-இல் போர் முடிந்தபின்னும் கைதும் படகுப் பறிமுதலும் தொடர்கின்றன. கரையோர ரோந்தைப் பற்றிய எந்த மதிப்பீடும் இந்தக் கணக்கைத் தள்ளிவைத்துவிட்டு நேர்மையாக இருக்க முடியாது.

இந்தியாவின் கரையோரக் காவல் 2008 நவம்பர் 26-க்குப் பிறகு வேறு வடிவம் எடுத்தது. மும்பையைத் தாக்கியவர்கள் ‘குபேர்’ என்ற இந்திய மீன்பிடிப் படகைக் கடலில் கைப்பற்றி, கடைசிக் கட்டத்தில் ரப்பர்ப் படகில் மீனவர் குடியிருப்புக் கரையில் இறங்கினார்கள். அதன்பின் கடலோரப் பாதுகாப்பின் ஒட்டுமொத்தப் பொறுப்பு கடற்படைக்கு வந்தது. ‘சாகர் பிரகாரி பல்’ என்ற தனிப்படையும் அதற்கென 80 வேக இடைமறிப்புப் படகுகளும் அமைந்தன. அந்தப் படகுகளை இலங்கையின் ஒரு படகு கட்டும் நிறுவனம் கட்டித் தந்தது. கடலோரக் காவல்படைக்கு எல் அண்ட் டி நிறுவனம் குஜராத்தின் ஹசீராவிலும் சென்னைக்கு வடக்கே காட்டுப்பள்ளியிலும் 54 இடைமறிப்புப் படகுகளைக் கட்டியது. 28 மீட்டர் அலுமினிய உடல், இரண்டு நீர்ஜெட், 45 கடல் மைல் வேகம். 2009 பிப்ரவரியில் ‘கார் நிக்கோபார்’ வகை ரோந்துக் கப்பல்களின் முதல் இரண்டு சென்னையில் படையில் சேர்ந்தன.

மாநில அளவில் தமிழ்நாடு 1994-லேயே கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தைத் தொடங்கியிருந்தது. 1,076 கிலோமீட்டர் கரைக்கு 12 டன், 5 டன் ரோந்துப் படகுகள் மத்தியத் திட்டத்தின்கீழ் வந்தன. இங்கேதான் பழைய குறை புதிய உருவில் தலைகாட்டியது. பல மாநிலங்களில் படகு வந்தது, படகுத்துறை வரவில்லை. இயந்திரம் பழுதானால் உதிரிப்பாகத்துக்கு மாதக்கணக்கில் காத்திருப்பு, டீசலுக்கு நிதி இல்லை, கடல் பழகிய ஓட்டுநர் இல்லை என்று படகுகள் கட்டிக்கிடந்ததைத் தணிக்கை அறிக்கைகளே சுட்டிக்காட்டின. கலங்கரை விளக்கங்களில் நிறுவிய ரேடார் தொடரும், படகுகளுக்கும் மீனவர்களுக்கும் வழங்கிய அடையாள முறையும், சந்தேகப் படகைக் கண்டால் முதலில் தகவல் சொல்லும் மீனவ ஊர்களின் ஒத்துழைப்பும் வேகத்தைவிட அதிகப் பலன் தரக்கூடியவை. எங்கே போவது என்று தெரியாத 45 கடல் மைல் வேகம் எரிபொருளை எரிப்பதற்கே பயன்படும்.

பாரசீக வளைகுடாவில் ஈரானின் புரட்சிக் காவற்படை சிறுபடகுக் கூட்டத்தையே தன் கடற்போர் முறையாக வைத்துக்கொண்டது. 1980களின் எண்ணெய்க்கப்பல் போரில் சுவீடனில் கட்டிய ‘போக்ஹாமர்’ படகுகளிலிருந்து சரக்குக் கப்பல்களைச் சுட்டார்கள். 1988 ஏப்ரல் 18 அன்று அமெரிக்கக் கடற்படை ஒரே நாளில் கொடுத்த அடியில், ‘ஜோஷான்’ என்ற ஏவுகணைப் படகும் வேறு கலங்களும் அழிந்தன. வெளிப்படையான மோதலில் சிறு படகு தாங்காது. ஆனால் ஹார்முஸ் நீரிணை குறுகலாக இருக்கும்வரை அங்கே செல்லும் ஒவ்வோர் எண்ணெய்க் கப்பலும் அதைக் கணக்கில் எடுக்க வேண்டியிருக்கிறது. 2000 அக்டோபரில் ஏடன் துறைமுகத்தில் எரிபொருள் நிரப்ப நின்ற அமெரிக்காவின் ‘கோல்’ நாசகாரிக் கப்பலருகே சாதாரணப் படகொன்று வந்து வெடித்தது. 17 மாலுமிகள் இறந்தனர்.

சூடாவில் தொடங்கிய கிளை கருங்கடலில் ஆளில்லாப் படகாக வளர்ந்திருக்கிறது. சொல்லத்தக்க பெரிய போர்க்கப்பல் எதுவும் மிஞ்சாத உக்ரைன், செயற்கைக்கோள் இணைப்பில் தொலைவிலிருந்து இயக்கும் ஐந்தரை மீட்டர் ‘மகூரா’ போன்ற படகுகளைக் கட்டியது. 2022 அக்டோபர் 29 அன்று செவஸ்தோப்போல் துறைமுகத்தின் மீது முதல் பெரிய தாக்குதல் நடந்தது. 2024 பிப்ரவரி 1 அன்று ‘இவானோவெத்ஸ்’ என்ற ரஷ்ய ஏவுகணைக் கப்பலும், அதே மாதம் 14 அன்று ‘சீசர் குனிக்கோவ்’ என்ற இறங்கு கப்பலும், மார்ச்சில் ‘செர்கேய் கோத்தோவ்’ ரோந்துக் கப்பலும் மூழ்கின. ரஷ்யா தன் கருங்கடல் படையின் பெரும்பகுதியைக் கிழக்கே நவராசிஸ்க் துறைமுகத்துக்கு நகர்த்தியது. ஆள் இல்லாததால் இருக்கை வேண்டாம், முதுகெலும்பைப் பற்றிய கவலை வேண்டாம், திரும்பி வருவதற்கான எரிபொருளும் வேண்டாம். நூற்றைம்பது ஆண்டுகளாகப் படகைக் கட்டிப்போட்ட மூன்று தளைகள் ஒருசேர அவிழ்ந்தன. துணையின் தேவை மட்டும் போகவில்லை: செயற்கைக்கோள் இணைப்பு, இலக்கைக் காட்டும் உளவு, படகை நீரில் இறக்கும் மறைவான கரை ஆகிய மூன்றில் ஒன்று தடைப்பட்டாலும் படகு பயனற்றுப்போகும். துறைமுக வாயிலில் மிதவைத் தடுப்பு, சுழன்று சுடும் துப்பாக்கி, ஹெலிகாப்டர் ரோந்து, மின்னணு இடையூறு என்று பதில் முறைகளும் உருவாகி வருகின்றன.

ஆளில்லாப் படகு தாக்குதல் வேலையை எடுத்துக்கொண்டாலும் ரோந்து வேலை ஆள் உள்ள படகிடமே இருக்கிறது. சந்தேகப் படகை நிறுத்தி ஏறிச் சோதிப்பது, ஆவணம் பார்ப்பது, புயலில் இயந்திரம் நின்று தத்தளிக்கும் மீனவரை இழுத்து வருவது, கைது செய்தவரை உயிரோடும் சட்டப்படியும் கரையில் ஒப்படைப்பது ஆகியவற்றுக்கு மனிதர் வேண்டும். அதனால் புதிதாகக் கட்டப்படும் ரோந்துப் படகுகளில் உச்ச வேகத்தைச் சற்றுக் குறைத்து, கடலில் நெடுநேரம் நிற்கும் திறனையும், அதிர்ச்சி தாங்கும் இருக்கைகளையும், இரவில் காணும் கேமராவையும், தொலைவிலிருந்து இயக்கும் துப்பாக்கியையும் சேர்க்கும் போக்கு வலுத்துவருகிறது. ஆள் உள்ள படகு பல வேலைகளுக்கும் பயன்படும் என்பதற்குச் சுவீடனின் 16 மீட்டர் ‘சிபி 90’ படகு எடுத்துக்காட்டு. அது 40 கடல் மைல் வேகத்தில் ஓடி, சில படகு நீளத்துக்குள் நின்று, பாறைக் கரையிலேயே அணியக் கதவைத் திறந்து வீரர்களை இறக்கிவிடும். அதே படகு நோயாளியை ஏற்றி வரவும் பயன்படுகிறது.